ஜான்சனுக்கு வந்த அத்தனை வியாதிகள்

திருவிடந்தையில் எங்கள் தெருவுக்குப் புதன்கிழமைதோறும் மருத்துவ வண்டி வரும். பெயர் பதிய வேண்டுமென்றால் போனுக்கு வரும் ஓடிபியைச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு ஒரு போன். அதுவும் வேலைக்குப் போன புருஷன் சட்டைப்பையில் இருக்கும். அதனால் பெண்கள் எல்லோரும், வண்டி நிற்கும் இடத்தில் டீக்கடை வைத்திருக்கும் ஜான்சன் அண்ணனின் நம்பரையே கொடுத்தார்கள். அவரும் டீ ஆற்றிக்கொண்டே ஓடிபி வாசிப்பார்.

இந்த விவரமெல்லாம் நாவலூரில் ஓர் ஏசி அலுவலகத்துக்குப் போனது. அங்கிருந்த கம்ப்யூட்டருக்கு, பெயர் எதுவானாலும் ஒரு நம்பர் என்றால் ஓர் ஆள். ஆக, ஜான்சனுக்கு ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, கர்ப்பப்பை இறக்கம், ஒரே வருஷத்தில் மூன்று பிரசவம். தெருவில் மற்ற யாருக்கும் தும்மல்கூட இல்லை.

விசாரிக்க விஷால் என்ற இன்ஜினியர் வந்தார்.

"ஒருத்தருக்கே எப்படிங்க இவ்ளோ வியாதி?"

"என்னை இன்னா சார் கேக்குற? சீக்கு தெரு ஜனத்துது. நம்பரு மட்டும்தான் என்துது," என்றார் ஜான்சன்.

விடுதியில் அறை கூட்டும் எல்லம்மாள் குறுக்கே வந்தாள். "பிரஷர் மாத்திரை இந்த வண்டியிலதான் வாங்கிகினு கீறேன். அது நிக்காம பாத்துக்கோ நைனா. மாத்திரை இல்லன்னா தலை கிர்ருனு சுத்துது."

"கட்டாயம் சரி பண்ணிடறோம்மா," என்று ஓசி டீயைக் குடித்துவிட்டுப் போனார் விஷால்.

சரி பண்ணினார்கள். ஆம்பிளைக்குப் பிரசவம் ஆகாது, எனவே இது பிழையான பதிவு என்று ஜான்சனை மொத்தமாக அழித்துவிட்டார்கள். பின்னொரு நாள் விஷாலே ஜான்சனுக்குப் போன் போட்டு இதைப் பெருமையாகச் சொன்னார். ஜான்சனோடு எங்கள் தெருவே அழிந்தது அந்தப் படித்த மண்டைகளில் ஒன்றுக்கும் உறைக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோயாளியே இல்லாத தெருவுக்கு வண்டி எதற்கு? அது நாவலூர் அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டது. அங்கே ஏப்பம் விட்டால்கூடப் பதிவு பண்ணுவார்கள். கணக்குப்படி அவர்கள்தான் சாகக் கிடக்கிறார்கள்.

இது எதுவும் அப்போது யாருக்கும் தெரியாது. விஷால் வந்துபோன அடுத்த புதன்கிழமை எல்லம்மாள் லீவு போட்டுவிட்டுக் காலி மாத்திரை அட்டையோடு டீக்கடையில் காத்திருந்தாள். வண்டி வரவில்லை. ஜான்சனின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. ஓடிபி வாசிக்கும் அதே குரலில் வாசித்தார்: "வாழ்த்துகள்! மாவட்டத்திலேயே மிக ஆரோக்கியமான பகுதி உங்களுடையது."

எல்லம்மாள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"அப்போ எனுக்கு ஏன் ஜான்சா தலை சுத்துது?"