மூன்று டாக்டர்களின் மாத்திரைகள்

எங்கள் அப்பா மாரப்பன் ரொம்ப மரியாதைக்காரர். தபால்காரர் வெறும் கையோடு கடந்து போனாலும் நிறுத்தி, "ஏனுங்க, சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார். எனக்கு அவ்வளவு மரியாதை வராது. கோபம் மட்டும் நன்றாக வரும்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் தை மாதத்திலிருந்து அவர் விழ ஆரம்பித்தார். எழுந்து நின்றாலே கிறுகிறுப்பு. குளியலறையில் ஒரு தரம், வாசலில் இரண்டு தரம். கிழமையை மாற்றிச் சொன்னார். பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தார். எழுபத்தாறு வயதில் புத்தி தடுமாறிவிட்டது என்றே நினைத்தேன். "நேத்து சொன்னது இன்னைக்கு ஞாபகமில்லையா?" என்று எத்தனை நாள் கத்தியிருப்பேன்!

வீட்டில் நாங்கள் இரண்டே பேர். நான் பீளமேட்டுப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை செய்தேன். ஆறு ஷிப்டு லீவு போட்டாயிற்று. "இன்னொருக்கா உளுந்தாருன்னா வேலைய உட்டுப்போட்டு ஊட்லயே இருந்துக்க" என்று திருப்பூரிலிருந்து அண்ணன் ஃபோனில் சுலபமாகச் சொன்னான். வேலையை விட்டால் சம்பளம் மட்டுமா போகும்? இ.எஸ்.ஐ. கார்டும் கூடவே போகும். அது இல்லாமல் அப்பாவுக்கு வைத்தியம் பார்க்க எனக்கு வக்கில்லை.

வயதானவர்களுக்கென்றே படித்த டாக்டரிடம் காட்டச் சொன்னார்கள். காந்திபுரத்தில் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். கார்டை நீட்டியதும், "இங்க இது செல்லாதுங்க" என்றாள் முன்னால் உட்கார்ந்திருந்த பெண். இன்னொரு இடத்திலும் அதே பதில். பஸ்ஸில் வரும்போது அழுதுவிட்டேன்.

என்னோடு வேலை செய்த சின்னாத்தாள்தான் வழி சொன்னாள். "போத்தனூர்ப் பக்கம் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கு ஒரு டாக்டரம்மா வந்திருக்காங்க அக்கா. வயசானவங்க வைத்தியத்துக்குன்னே மெட்ராஸ்ல படிச்சவங்க. எங்கம்மாவ நடக்க வெச்சுட்டாங்க."

கார்டை அந்த மருந்தகத்துக்கு மாற்றி வாங்க ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் முழுக்க அப்பாவைக் கட்டிலைவிட்டு இறங்கவே விடவில்லை.

டாக்டர் ரங்கநாயகி சின்ன உருவம். "எப்படி இருக்கீங்க அய்யா?" என்று கேட்டார்.

"சௌக்கியமுங்க. நீங்க சௌக்கியமுங்களா?" என்றார் அப்பா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று தரம் விழுந்த மனுஷன் பேசுகிற பேச்சா இது! டாக்டர் சிரித்துக்கொண்டே என்னிடம், "அம்மணி, இவர் வாயில போடற மாத்திரை அத்தனையும் நாளைக்கு எடுத்துட்டு வாங்க" என்றார்.

மறுநாள் மேசையில் கொட்டியபோதுதான் நானே மொத்தமாகப் பார்த்தேன். எங்கள் தெரு டாக்டர் கொடுத்தது, அண்ணன் கூட்டிப்போன திருப்பூர் டாக்டர் கொடுத்தது, தூக்கம் வரவில்லையென்று இன்னொருவர் கொடுத்தது. அத்தனையையும் தினம் விழுங்கியிருக்கிறார்.

"ஒருத்தருகிட்ட காட்டறப்ப மத்தவங்க குடுத்ததைச் சொல்லலீங்களா?" என்றார் டாக்டர்.

அப்பா சங்கடத்தோடு நெளிந்தார். "எப்படிங்க சொல்றது? உங்க மருந்து பத்தாம இன்னொருத்தர்கிட்ட போனேன்னு சொன்னா மனசு வருத்தப்படுவாங்கல்லங்க? படிச்சவங்க அக்கறையாக் குடுத்ததை நிறுத்தறதும் மரியாதை இல்லீங்களே."

டாக்டர் திட்டவில்லை. இரண்டு மாத்திரைகளைத் தனியாக எடுத்து வைத்தார். "கலர் வேற, பேர் வேற. ரெண்டும் பிரஷருக்கு ஒரே மருந்துங்க அய்யா. ரெட்டையாப் போனதாலதான் கிறுகிறுன்னு வருது. தூக்க மாத்திரைதான் மறதி குடுக்குது. உங்க புத்திக்கு ஒரு குறையும் இல்லீங்க."

அப்பா அப்போதும் மாத்திரைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டருக்குப் புரிந்துவிட்டது. மூன்று தாள்களை எடுத்து, மூன்று டாக்டர்களுக்கும் மரியாதையாக ஆளுக்கொரு கடிதம் எழுதினார். "இனி நான் பார்த்துக்கறேன்னு சொல்லி எழுதியிருக்கேனுங்க. யாரும் வருத்தப்பட மாட்டாங்க."

அதன் பிறகுதான் அப்பா நிம்மதியாகத் தலையாட்டினார். வியாதியை எத்தனையோ பேர் பார்ப்பார்கள். எங்கள் அப்பாவைப் பார்த்தவர் அந்த அம்மா ஒருவர்தான். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

பிரஷருக்கு ஒரு மாத்திரைதான் மிச்சம். தூக்க மாத்திரையை மெல்ல மெல்லக் குறைத்தார்கள். நான்காவது வாரம் அப்பா தானே குளித்து, தானே கடைக்குப் போய் வந்தார். சாயந்திரம் காப்பி கொடுத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்பா, உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு எத்தனை பேசிப்போட்டேன். மன்னிச்சுக்கோங்க."

அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "உடு கண்ணு. நாளைக்கு உனக்கு முதல் ஷிப்டுன்னு நேத்து சொன்னியே. நேரத்துலயே படு."