சீனி போடாத மலை

ருக்மணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விருந்தாளி வருகிற நாளில் சீனி போடாமல் கடல்பாசி அகர் அகர் காய்ச்சச் சொல்கிற புருஷன் உலகத்தில் வேறு எவளுக்கு வாய்ப்பான்? பகாங் சுரங்கத்தில் இஞ்சினியர் என்றுதான் பெயர். லீவில் அவளோடு சொந்த ஊர் காஜா பெராங் வீட்டுக்கு வந்தும் மனிதருக்கு அந்தப் பொந்து நினைப்புதான்.

நினைப்புக்குக் காரணமும் இருந்தது. ஏற்கெனவே இருக்கும் சுரங்கப்பாதையை ஒட்டியே இன்னொன்று குடையக் கம்பெனி அவசரப்பட்டது. நடுவில் நிற்கும் பாறைச் சுவர் தாங்காது, தள்ளிக் குடையுங்கள் என்று அவள் புருஷன் நல்லையா தலைகீழாக நின்றும் யாரும் கேட்கவில்லை. அவரை வழிக்குக் கொண்டுவரத்தான் மேனேஜர் தேவதாஸ் இன்று வீடு தேடி வந்திருந்தார்.

வந்தவர் மேசைமேல் இருந்ததைப் பார்த்ததும் ஒரு மூலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். அவர் முகம் போன போக்கில் ருக்மணிக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"அது பலகாரம் இல்ல சார், உங்க மலை" என்றார் நல்லையா.

அகர் அகர் கட்டியை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே நிமிர்த்தி நிறுத்தினார். அதன் மேல் மையால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தது. பால் டின்னால் அருகருகே குடைந்த இரண்டு ஓட்டைகள். மேலே பலகை வைத்து அம்மிக் குழவியை ஏற்றினார். ஓரத்துக் கட்டங்கள் அவ்வளவாக அசையவில்லை. ஓட்டைகளுக்கு நடுவே இருந்தவை நசுங்கிப் பிதுங்கின. பிறகு அந்த மெல்லிய சுவர் சத்தமில்லாமல் பிளந்தது. சுரங்கத்துக் குழாயடியில் அவளோடு பேசிச் சிரிக்கும் பெண்களின் புருஷன்மார் இறங்குகிற இடம் அது.

"இது கொழகொழ சாமான்லா. பாறையும் இதுவும் ஒண்ணா?" என்றார் தேவதாஸ்.

"பாறை இவ்வளவு நசுங்காது சார். ஆனா பாரம் எங்க வந்து குவியும்னு கேட்டா, அதுவும் இதே எடத்தத்தான் காட்டும்."

"மெர்டேக்கா வந்து வெள்ளக்காரன் போயி, நம்மாளு ஒருத்தர் அந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கீங்க. மொத வேலைக்கே முட்டுக்கட்டையா?"

"உள்ள எறங்குறவங்களும் நம்மாளுங்கதான் சார்."

தேவதாஸ் எழுந்துவிட்டார். "சரின்னு சொல்ல வேற ஆள் கெடைக்கும். இனிமே நீங்க சுரங்க வாசல்ல கால் வைக்க முடியாது."

ருக்மணிக்குப் பகீரென்றது, பொய் சொல்வானேன். ஆனால் நாக்கு முந்திக்கொண்டது.

"வாசலுக்கு வெளிய நிக்கலாம்ல சார்? வேலைக்கு வர்றவங்க அந்த வழியாத்தானே வரணும்?"

தேவதாஸ் செருப்பைத் தேடினார். அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, நான் அங்க வந்தே காய்ச்சித் தர்றேன். இந்தத் தடவ பெருசா ஊத்துவோம். பின்னால நிக்கிறவங்களுக்கும் தெரியணும்."