பாஸ்வேர்டை மாற்றிய பிறகு

அந்த மருத்துவமனையின் இணையதளத்தில் ‘என்னை நினைவில் வை’ என்ற வசதியை எழுதியவள் தங்கைதான். அதில் டிக் அடித்தால் ஒரு ரகசியச் சாவி அந்தக் கணினியிலேயே ஓராண்டு தங்கிவிடும். பிறகு பாஸ்வேர்டு கேட்காமலே கணக்கு திறக்கும். பாஸ்வேர்டை மாற்றினால் பழைய சாவிகள் செல்லாமல் போக வேண்டும். மேலாளர் அவசரப்படுத்தியதால் அதை மட்டும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தாள். அடுத்த வாரம் தலைக்கு மேல் வேறு வேலை.

ஐந்து மாதம் கழித்து அக்கா, புருஷனின் அடி தாங்காமல், ஆறு வயது மகளோடு வீட்டை விட்டு வெளியேறினாள். ஊரின் மறுகோடியில், சலவைக் கடைக்கு மேலே ஓர் அறை. மகளுக்கு மூச்சிரைப்பு, மாதந்தோறும் டாக்டரிடம் காட்ட வேண்டும். அதே தளத்தில்தான் அப்பாயின்ட்மென்ட் வாங்க வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அதைத் திறந்திருக்கிறேனே, அவர் பார்த்துவிட மாட்டாரா என்று போனில் கேட்டாள்.

“பாஸ்வேர்ட மாத்திடுக்கா, போதும்.” தங்கை சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

அக்கா அன்றே மாற்றினாள். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நேரம் கிடைத்தது.

வியாழக்கிழமை மருத்துவமனை வாசலில் அவன் நின்றிருந்தான். கத்தவில்லை, கை ஓங்கவில்லை. மகளைத் தூக்கிக் காரின் பின்சீட்டில் உட்காரவைத்து பெல்ட் மாட்டினான். முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

“அவ உள்ள உக்காந்திருந்தாடி. நான் ஏறாம என்ன பண்றது?” மறுநாள் போனில் அவ்வளவுதான் பேசினாள் அக்கா.

 தங்கை தளத்தின் பதிவுகளைத் திறந்து பார்த்தாள். பாஸ்வேர்டு மாறிய பின்னும், அக்கா எப்போதோ டிக் அடித்திருந்த வீட்டுக் கணினியின் பழைய சாவி ஒன்பது நாளில் முப்பத்தொரு முறை அந்தக் கணக்கைத் திறந்திருந்தது. திருத்த இரண்டே வரி போதுமாயிருந்தது. மேலாளர் அதைச் ‘சிறு திருத்தம்’ என்று குறித்துக்கொண்டார். எல்லாவற்றையும் அவரிடம் சொல்ல வாயெடுத்தவள், அப்படியே இருக்கைக்குத் திரும்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனாள். அவன் சிரித்த முகமாய் வரவேற்று உட்காரச் சொன்னான். குழந்தை அறையை விட்டு வெளியே வரவில்லை. தங்கை சமையலறைக்குப் போய், டம்ளர் கழுவிக்கொண்டிருந்த அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

“என்னாலதான்க்கா.”

“தெரியும். அவரே சொல்லிட்டார். அந்த ஆஸ்பத்திரி சைட்டு உன் தங்கச்சி செஞ்சதுதானேன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சார்.” அக்கா திரும்பவில்லை. “நீ இனிமே இங்க வராத. நீ போனதுக்கப்புறம் எனக்குத்தான் விழும்.”

தங்கை செருப்பை மாட்டிக்கொண்டாள். பஸ் ஸ்டாப்வரை அவனும் கூடவே நடந்து வந்தான். பஸ் வந்ததும், பார்த்துப் போம்மா என்று சொல்லி ஏற்றிவிட்டான். அவள் சரி மாமா என்றாள்.