பீட்டர்ஸ்பர்க்கில் வாசல் தெளித்த காலை

புருஷன் ஜெரி வேலைக்குக் கிளம்பிப் போனதிலிருந்து ஷைனிக்கு இருப்புக்கொள்ளவில்லை. மணி ஏழாகிவிட்டது, ஜன்னலுக்கு வெளியே இன்னும் கும்மிருட்டு. ராயபுரத்தில் இந்நேரம் மீன் வண்டி வந்து, எதிர்வீட்டு மிக்ஸி ஓடி, தெருக்குழாயில் நாலு பேர் சண்டை போட்டு, ராசியும் ஆகியிருப்பார்கள். இங்கே ஐந்து மாடிக் கட்டடம் முழுக்க ஆள் இருந்தும் ஒரு தும்மல் சத்தம் கேட்பதில்லை. அவள் அடுப்படிக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

விமான நிலையத்தில் அவள் கண்ணைக் கசக்கியபோது அப்பா ஹென்றி, “ஒரு ராயப்பர் ஊர்லருந்து இன்னொரு ராயப்பர் ஊருக்குத்தான போற? ரெண்டுமே பேதுரு பேர்ல கீற ஊருதான். இன்னாத்துக்கு அழுவுற?” என்று சிரிக்க வைத்து அனுப்பினார். வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது, இந்த ராயப்பர் பனிக்கட்டிமேல் உட்கார்ந்திருக்கிறவர் என்று.

இன்றைக்கு ஒரு முக்கியமான காரியம் இருந்தது. வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்தவர் எந்த வீட்டில் தங்கியிருக்கிறார் என்று வீட்டுக்காரர் அரசு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்குக் கெடு இன்றோடு முடிகிறது. மூன்றாவது மாடியில் இருக்கும் வீட்டுக்காரி கலீனா பெத்ரோவ்னா முதலில் கால்வலி என்றாள், பிறகு மகள் வருகிறாள் என்றாள். கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருக்கும் ஜெரி தனக்குத் தெரிந்த ரஷ்ய மொழி மொத்தத்தையும் கொட்டிக் கெஞ்சியபிறகு, எட்டரைக்குக் கிளம்பலாம் என்று நேற்றுத்தான் இறங்கி வந்தாள். பதியாவிட்டால் அபராதம், விசாவும் சிக்கலாகும், ஷைனி திரும்பிப் போக வேண்டியதுகூட வரலாம் என்று ஜெரி சொல்லியிருந்தான்.

அவள் அம்மா ஃப்ளோரா எந்த நல்ல காரியத்துக்கும் வாசல் தெளிக்காமல் படி இறங்கியதில்லை. பரீட்சையானாலும் பெண் பார்க்க வருவதானாலும் முதலில் ஒரு வாளித் தண்ணீர், அப்புறம்தான் கோயில், ஜெபமெல்லாம். வந்த நாளிலிருந்து ஷைனியின் கை அந்த ஒரு வேலைக்காகத்தான் ஊறிக்கொண்டிருந்தது. நைட்டிக்கு மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டாள். வாளியில் வெந்நீர் பிடித்து, தரைதள வீட்டிலிருந்து வெளியே வந்து, கட்டடத்தின் இரும்புக் கதவைத் திறந்து, மூன்று படிகளிலும் முன்னால் இருந்த சிமெண்டுத் தரையிலும் தாராளமாக வீசித் தெளித்தாள். குபுகுபுவென்று ஆவி எழுந்தது. துடைப்பத்தால் தள்ளிவிட்டாள். படி பளபளவென்று ஆனது. மனசு கொஞ்சம் அடங்கியது.

உள்ளே வந்து டீ போட்டுக்கொண்டிருக்கும்போது வெளியே “உய்” என்று ஒரு நாய் கத்தியது. ஜன்னல் வழியே பார்த்தாள். நாய் நாலு காலையும் நாலு பக்கம் பரப்பிக்கொண்டு கிடக்க, அதைப் பிடித்து வந்தவர் கைப்பிடிக் கம்பியைக் கட்டிப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். அவர் ஏதோ திட்டிக்கொண்டே எழுந்து போனதும் ஷைனி ஓடிப்போய்ப் பார்த்தாள். மூன்று படியும் கண்ணாடியாக இருந்தது.

ஜெரிக்கு போன் போட்டாள்.

“யோவ், வாசல் தெளிச்சேன். ஐஸாப் பூட்ச்சு.”

“இன்னாது? எங்க தெளிச்ச?”

“வெளிப்படில. நல்ல நாளாச்சேன்னு.”

“அடிப்பாவி! மைனஸ் பதினஞ்சு கீதுமே! உன்ன எவன் தெளிக்கச் சொன்னது? சரி, மறுபடி சுடுதண்ணி மட்டும் ஊத்திடாத, இன்னும் கெட்டியாயிடும்.”

ஷைனி கையிலிருந்த காலிக் கெட்டிலைப் பார்த்தாள். “ஊத்திட்டேன்யா.”

அந்தப் பக்கம் வெல்டிங் மிஷின் அணைந்தது. “கெழவி எட்டரைக்கு எறங்குவா,” என்றான் ஜெரி. “அவ காலு ஒடஞ்சா நம்ம கத கந்தல். கதவாண்டயே நின்னுக்க. யாரையும் வுடாத.”

வாளியும் துடைப்பமுமாக அவள் படிக்குக் கீழே காவல் நின்றாள். ஒரு பெண் அலுவலகத்துக்கு இறங்கி வந்தாள். “ஸ்தோய்! ஸ்தோய்!” என்று இரண்டு கையையும் விரித்து, நில் என்பதற்குத் தெரிந்த வார்த்தையைச் சொல்லித் தடுத்து, கையைப் பிடித்து ஓரமாக இறக்கிவிட்டாள். அந்தப் பெண் அவளுடைய நைட்டியையும் துடைப்பத்தையும் பார்த்துவிட்டு வேகமாக நடையைக் கட்டினாள். ஷைனி துடைப்பக் கட்டையால் ஐஸைக் குத்திப் பார்த்தாள். ஒரு கீறல் விழவில்லை. “ஐயோ, பேஜாராப் போச்சே,” என்று புலம்பினாள்.

“பேஸார்?” என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

உபைதுல்லா நின்றிருந்தான். அந்த வளாகத்தைக் கூட்டிப் பெருக்கி, பனி தள்ளும் உஸ்பெக் ஆள். ஆரஞ்சுச் சட்டையும் மீசையில் உறைபனியுமாக இருந்தான். அந்த வார்த்தை அவன் ஊரிலும் இருக்கும்போல, ஒரு கணம் முகம் மலர்ந்தது. அப்புறம் படியைப் பார்த்தான், மலர்ந்த முகம் செத்துவிட்டது. படியில் ஐஸ் இருந்தால் யார் தலை உருளும் என்று ஷைனிக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையில்லை. அவன் போய்க் கடப்பாறையை எடுத்து வந்து குத்த ஆரம்பித்தான். உடைந்து வந்த சில்லுகளை அவள் வெறுங்கையால் அள்ளி ஓரத்தில் வீசினாள். ஒரு படி முடிந்தது. இரண்டாவது பாதி ஆனபோது இரும்புக் கதவு பீப் என்று சத்தம் போட்டுத் திறந்தது.

கலீனா பெத்ரோவ்னா. ரோமத்தொப்பி, உதட்டுச் சாயம், கக்கத்தில் ஒரு பை. கால் வெளியே வந்துவிட்டது.

“ஐயோ வராதம்மா! ஸ்தோய்!” ஷைனி பாய்ந்தாள். கால் வழுக்கி, முழங்கால் படியில் மோதி, குப்புற விழுந்து, கிழவியின் பூட்ஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

கிழவி விழவில்லை. குனிந்து படியைப் பார்த்தாள், கடப்பாறையைப் பார்த்தாள். பிறகு உபைதுல்லா பக்கம் திரும்பி ஆரம்பித்தாள் பாருங்கள், மூச்சுவிடாமல்! நடுவில் பையிலிருந்து போனையும் எடுத்துவிட்டாள். புகார் சொல்லத்தான் என்று தெரிந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஷைனி பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பேசாமல் இருந்துவிட்டால் போதும், பத்து நிமிஷத்தில் அலுவலகத்துக்குக் கிளம்பிவிடலாம். ஷைனி முழங்காலைத் தேய்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். கிழவி எண்களை அழுத்தத் தொடங்கினாள்.

“யா,” என்றாள் ஷைனி. நான். கிழவி நிமிரவில்லை. ஷைனி எழுந்து தன் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். “யா! அவரு இல்ல, நானு!” வாளியைத் தூக்கிக் காட்டினாள். தண்ணீர் வீசுவதுபோல, பெருக்குவதுபோலச் செய்து காட்டினாள். ஏன் என்பதை எப்படிக் காட்டுவது? தெருவையும் கிழவியின் பையையும் தன்னையும் மாற்றி மாற்றிக் காட்டி, கடைசியில் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

கலீனா பெத்ரோவ்னா போனை மூடினாள். திரும்பி உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

கோட்டுப் பைக்குள் ஜெரியின் அழைப்பு அதிர்ந்துகொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை. எடுத்தால் என்ன சொல்வாள்? உபைதுல்லா மறுபடி கடப்பாறையைத் தூக்கினான். அவள் அள்ளினாள். விரல்கள் மரத்துப்போயின. அவன் தன் கையுறைகளில் ஒன்றைக் கழற்றி அவளிடம் வீசினான். மூன்றாவது படியும் முடிந்து, அவன் மணல் தூவியாயிற்று. வானம் இப்போதுதான் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. மூன்றாவது மாடி ஜன்னலில் விளக்கு எரிகிறதா, அணைந்ததா என்று அண்ணாந்து அண்ணாந்து அவளுக்குக் கழுத்து வலித்தது.

கதவு மறுபடி பீப் என்றது.

கிழவி பூட்ஸை மாற்றியிருந்தாள். அடியில் இரும்பு முள் வைத்த பட்டை ஒன்றை அதன்மேல் இழுத்து மாட்டியிருந்தாள். உபைதுல்லாவிடம் சுருக்கமாக ஏதோ சொன்னாள், அவன் தலையாட்டினான். நேராக வந்து ஷைனியின் முழங்கைக்கு மேலே கொத்தாகப் பிடித்தாள்.

“பாஸ்போர்ட்?”

ஷைனி கோட்டின் உள்பையைத் தட்டிக் காட்டினாள். உடை மாற்றி வருகிறேன் என்று நைட்டியைக் காட்டினாள். கிழவி காதில் போட்டுக்கொள்ளவில்லை. பஸ் நிறுத்தம்வரை பிடியையும் விடவில்லை, பேச்சையும் நிறுத்தவில்லை. அதில் ‘வதா’, தண்ணீர், என்ற ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

பஸ் வந்தது. கலீனா பெத்ரோவ்னா தன் அட்டையை இயந்திரத்தில் ஒரு தடவை தட்டி, ஷைனியை முன்னால் தள்ளிவிட்டு, அவளுக்காக இன்னொரு தடவை தட்டினாள். தெளித்தபோது நனைந்து விறைத்துப்போன நைட்டி ஓரம் தகரம்போல முழங்காலில் இடிக்க, ஷைனி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்கார இடம் இருந்தது. அவளுக்குத்தான் உட்கார முடியவில்லை.