முப்பத்தெட்டா, நாற்பத்தொன்றா

“நல்லா எண்ணினியா?” என்று அண்ணன் கேட்டான்.

கேட்டது இவ்வளவுதான். அவள் தலையை ஆட்டினாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்வதைவிடத் தலையை ஆட்டுவது அவளுக்கு எப்போதும் சுலபம். பத்தாவதில் வாத்தியார் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்டபோதும் இப்படித்தான், தெரிந்த பதிலுக்கும் தெரியாத பதிலுக்கும் ஒரே தலையாட்டல். அந்த வருஷத்தோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சட்டைக் கம்பெனியில் பொத்தான் பிரிவுக்குப் போனாள். சட்டைக்கு ஏழு பொத்தான், உள்மடிப்பில் உபரியாக ஒன்று. ஆறு வருஷமாக ஒரு சட்டைகூட அவள் மேஜையிலிருந்து பொத்தான் குறைந்து திரும்பி வந்ததில்லை. படி ஏறினால் படியை எண்ணுவாள், மழை பெய்தால் கூரையில் எத்தனை இடத்தில் ஒழுகுகிறது என்று எண்ணுவாள். அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் கணக்குப்பிள்ளை.

“வீட்டுக்கு ஒரு கணக்குப்பிள்ளை இருந்தாப் போதும். பேசத்தான் மாட்டா, தப்பா எண்ண மாட்டா” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்குத் தேவைப்பட்டது சரியான ஒரே ஒரு எண்.

அண்ணன் ஏழு வருஷம் தொலைதூரத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்தவன். போய்ச் சேரவே இரண்டு நாள் ஆகும். வருஷத்துக்கு ஒருமுறை பத்து நாள் லீவு. விரல் கணுவெல்லாம் வெடித்துப்போய் வந்து நிற்பான். அம்மா எண்ணெய் தடவித் தடவி அது ஆறுகிற நேரம் பார்த்து லீவு முடிந்துவிடும். நாலு மாதம் முன்னால் வந்தவன், “இனி முடியலம்மா. இங்கேயே ஏதாவது பார்க்கறேன்” என்றான். அப்பா விட்டுப் போன பழைய கார் வீட்டுப் பக்கவாட்டில் தகரக் கொட்டகையில் கிடந்தது. அதைத் தட்டிக்கொட்டி ஓட வைத்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸுகளைக் காலையும் மாலையும் கூட்டிப்போக ஒரு கார் வேண்டும் என்றார்கள். திங்கட்கிழமை காலை காரைக் கொண்டுவந்து காட்டு, ஓடுவது பிடித்தால் அன்றைக்கே வேலை என்றார்கள். கிடங்கிலிருந்தும் சொல்லி அனுப்பியிருந்தார்கள்: மாசக் கடைசிக்குள் வராவிட்டால் உன் இடத்தில் வேறு ஆள்.

இதற்கு நடுவில்தான் மெக்கானிக் இன்ஜின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார். “தம்பி, டைமிங் பெல்ட் வெடிச்சுப் போயிருக்கு. இது அறுந்துச்சுன்னா இன்ஜினே போச்சு. இதோட வண்டியை வெளியே எடுக்காதே. எனக்கு வியாழக்கிழமைதான் ஒழியும்.”

வியாழக்கிழமை வரை ஆஸ்பத்திரி காத்திருக்குமா? அண்ணன் புது பெல்டை வாங்கிவந்து மேஜையில் வைத்தான். “நாமளே மாத்திடலாம். வீடியோவுல ஒருத்தன் அரைமணி நேரத்துல மாத்தறான்.”

“அவன் அரைமணி நேரத்துல மாத்துவான். நீ அரைமணி நேரத்துல கழட்டுவே. அப்புறம் திருப்பிப் பூட்டறதுக்கு யாரைக் கூட்டிட்டு வர்றது?” என்றாள் அம்மா.

“கணக்குப்பிள்ளை இருக்காளே.”

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சனிக்கிழமை முழுக்க அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்து, ஒரு சட்டை அட்டைப்பெட்டியைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் பதிமூன்று வேலைகளாக எழுதினாள். அண்ணன் இங்கேயே இருந்துவிட்டால் சாயங்காலம் வாசலில் அவன் செருப்புச் சத்தம் தினமும் கேட்கும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தார்கள். ஜாக்கி வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, பிளாஸ்டிக் மூடியை எடுத்ததும் இன்ஜினின் விலாப்பக்கம் தெரிந்தது. கீழே ஒரு சின்னப் பல்சக்கரம், மேலே ஒரு பெரிய பல்சக்கரம், இரண்டையும் சுற்றி அந்தக் கறுப்பு பெல்ட். கீழ்ச்சக்கரம் பிஸ்டனை ஆட்டும், மேல்சக்கரம் வால்வைத் திறந்து மூடும். இரண்டும் சொல்லிவைத்தது போல ஒன்றாகச் சுழல வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் பிஸ்டன் வால்வில் போய் இடிக்கும். அட்டையின் தலைப்பில் இதைத்தான் எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள்.

கீழ்ச்சக்கரத்தில் ஒரு புள்ளி. அதில் குழப்பம் இல்லை. மேல்சக்கரத்தில்தான் இரண்டு புள்ளிகள் இருந்தன. வீடியோக்காரனின் காரில் ஒன்றுதான்.

“ஒரே சக்கரத்தை ரெண்டு வகை இன்ஜினுக்குப் போட்டிருப்பான். நம்மளுது எதுன்னு இப்பவே குறிச்சுக்கோ” என்றான் அண்ணன். அவள் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த தையல் சாக்கட்டியால் மேல்சக்கரத்தில் அப்போது உச்சியில் நேராக நின்ற புள்ளி மேல் ஒரு கோடு, அதற்கு நேரே பெல்டில் ஒரு கோடு, கீழேயும் அதேபோலப் போட்டாள். துணியில் போட்ட சாக்குக்கோடு வெட்டி முடிக்கிறவரை அழியாது. இரும்பைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்?

பெல்ட் கழன்று வந்தது. அவள் அதை மடியில் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்து ஒரு கோட்டுக்கும் இன்னொரு கோட்டுக்கும் நடுவில் எத்தனை பல் என்று விரலால் நகர்த்தி நகர்த்தி எண்ணினாள். முப்பதைத் தாண்டும்போது பக்கத்து வீட்டு ரேடியோ மாமா மதில்மேல் தலையை நீட்டினார். அவர் வீட்டு ரேடியோவும் ஓயாது, அவர் வாயும் ஓயாது.

“என்ன மருமகளே, மடியில பாம்பைப் போட்டுத் தடவிக்கிட்டிருக்கே? உனக்கு மாப்பிள்ளை பார்த்தா டாக்டரா, இன்ஜினீயரான்னு யோசிச்சேன். இப்பத் தெரிஞ்சுபோச்சு, பிடாரன்தான்!”

அண்ணன் காருக்கு அடியிலிருந்தே விழுந்து விழுந்து சிரித்தான். அவள் காதுமடல் வரை சிவந்து குனிந்துகொண்டாள். விரல் எங்கே இருந்தது? முப்பத்து மூன்றிலா, இன்னும் தள்ளியா? உத்தேசமாக ஓர் இடத்திலிருந்து தொடர்ந்து எண்ணி முடித்தாள். முப்பத்தெட்டு. மறுபடி ஒருமுறை எண்ணலாம் என்று நினைப்பதற்குள், “ஏய், இந்த ஸ்பேனரைப் பிடி!” என்று குரல் வந்தது. பெல்டை ஆணியில் மாட்டிவிட்டு ஓடினாள்.

அண்ணன் எதையும் அழுக்காக விடமாட்டான். கிடங்கில் பழகிய பழக்கம். அவள் ஸ்பேனரைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் பெட்ரோலில் துணியை நனைத்து இரண்டு சக்கரங்களையும் பளபளவென்று துடைத்து வைத்திருந்தான். சாக்குக்கோடு போன இடம் தெரியவில்லை. துடைத்த வேகத்தில் மேல்சக்கரமும் கொஞ்சம் திரும்பிவிட்டிருந்தது.

“அடச்சே” என்று தலையில் கை வைத்தான். பிறகு அவனே சிரித்தான். “பரவாயில்ல. எதுக்குக் கணக்குப்பிள்ளை இருக்கா?” புது பெல்டைக் கீழ்ப்புள்ளியில் வைத்துப் பிடித்து மேலே எண்ணிப் பார்த்தான். “இந்தப் புள்ளின்னா முப்பத்தெட்டு பல்லு. அந்தப் புள்ளின்னா நாப்பத்தொண்ணு. நம்மளுது எது?”

“முப்பத்தெட்டு” என்றாள்.

“நல்லா எண்ணினியா?”

பழைய பெல்ட் அவளுக்குப் பின்னால் ஆணியில்தான் தொங்கியது. இரண்டு எட்டு வைத்தால் எடுத்துவிடலாம், ஒரு நிமிஷத்தில் எண்ணிவிடலாம். ஆனால் எண்ணப் போனால் சந்தேகம் என்று ஆகும். கணக்குப்பிள்ளைக்கே சந்தேகமா என்று ரேடியோ மாமா ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சிரிப்பார். அதைவிட, ஏழு வருஷத்தில் அண்ணன் இவ்வளவு சந்தோஷமாக அவள் முகத்தைப் பார்த்து நின்றதில்லை.

தலையை ஆட்டினாள்.

பெல்டை மாட்டி, இறுக்கிப் பிடிக்கும் உருளையை முடுக்கி, அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்தான். அட்டையில் பதினொன்றாவது வேலை பாக்கி இருந்தது: ‘ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் ஸ்பேனர் போட்டு இன்ஜினைக் கையால் மெதுவாக இரண்டு சுற்று சுற்றவும். எங்காவது தடுத்தால் நிறுத்தவும்.’

“அண்ணா, கையால ஒருதடவை...” என்றாள்.

ரேடியோவில் யாரோ பலமாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஜன்னல் வழியே தலையை நீட்டினான். “என்ன?”

கையால் சுற்றினால் தடுத்தாலும் தடுக்கும். தடுத்தால், “எத்தனைன்னு எண்ணினே?” என்று மறுபடியும் கேட்பான்.

“ஒண்ணுமில்லை.”

அவன் சாவியைத் திருப்பினான். இன்ஜின் அரைச் சுற்று சுற்றியிருக்கும். தகர டப்பாவுக்குள் சுத்தியலை வீசியது போல ஒரு சத்தம், அதன்மேல் இன்னொரு சத்தம், அப்புறம் எதுவுமில்லை. ரேடியோ மாமா தானாகவே ரேடியோவை அணைத்தார். அத்தனை வருஷத்தில் அந்த மதிலுக்கு அப்பால் அவ்வளவு அமைதியை அவள் கேட்டதில்லை.

வியாழக்கிழமை மெக்கானிக் வந்து பிரித்துப் பார்த்தார். “எல்லா வால்வும் வளைஞ்சிருச்சு. பிஸ்டன்லயும் அடி. இதைச் சரிபண்றதுக்கு வேற இன்ஜினே தேடிக்கலாம் தம்பி.” கையைத் துடைத்தபடியே கேட்டார். “ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி கையால சுத்திப் பார்த்தீங்களா?”

“அப்படி ஒண்ணு இருக்கா? எனக்குத் தெரியாதே” என்றான் அண்ணன்.

அட்டை அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமையே வேறு கார் பிடித்துக்கொண்டார்கள். அண்ணன் ஒருநாளும் அவளைக் குறை சொல்லவில்லை. அம்மா புலம்பியபோதுகூட, “நான்தாம்மா அவசரப்பட்டுட்டேன். கோட்டை அழிச்சதும் நான்தான்” என்றான். அவன் அப்படிச் சொல்லச் சொல்ல அவளுக்குச் சோறு இறங்கவில்லை. திட்டினால் அழுதுவிட்டாவது போகலாம். மெக்கானிக் போன அன்று சாயங்காலம் கொட்டகைக்குள் போய், ஆணியிலிருந்து பழைய பெல்டை எடுத்து எண்ணினாள். பெல்டில் போட்ட சாக்குக்கோடு அழியாமல் அப்படியே இருந்தது. மூன்று தடவை எண்ணினாள். மூன்று தடவையும் நாற்பத்தொன்று.

சொல்ல வேண்டும் என்று பதினோரு நாள் நினைத்தாள். காலையில் அவன் பல் துலக்கும்போது, மத்தியானம் வெறும் தரையில் படுத்திருக்கும்போது, கிடங்குக்குப் போன் போட்டு, “வர்றேன் சார்” என்று சொன்னபோது. ஒவ்வொரு தடவையும் வாய்வரை வந்தது, வாயோடு நின்றது.

மாசக் கடைசிக்கு இரண்டு நாள் இருந்தது. விடிந்து வெயில் கொட்டகைத் தகரத்தில் ஏறியிருந்தது. அம்மா உள்ளே முகத்தை மூடிக்கொண்டு படுத்திருந்தாள், வாசலுக்கு வரமாட்டேன் என்று முதல்நாளே சொல்லிவிட்டாள். அண்ணன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினான். ஆறிப்போயிருந்த விரல் கணுக்கள் ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரிந்தன. எட்டு கணு.

பெல்டை எடுத்துக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றாள்.

“அண்ணா, நாப்பத்தொண்ணு. மாமா பேசினப்போ எண்ணிக்கை விட்டுப்போச்சு. எனக்கு அப்பவே சந்தேகம். கையால சுத்தணும்னு அட்டையில எழுதியும் இருந்தேன். நீ என்னன்னு கேட்டே, நான் ஒண்ணுமில்லைன்னுட்டேன்.”

அவள் வாழ்நாளில் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை.

அண்ணன் பெல்டை வாங்கினான். முதல் சாக்குக்கோட்டில் கட்டைவிரலை வைத்து ஒவ்வொரு பல்லாக நகர்த்தினான். உதடு அசையவில்லை, ஆனால் எண்ணுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவளும் மனசுக்குள் கூடவே எண்ணினாள். இருபது. முப்பது. முப்பத்தெட்டில் அவன் விரல் ஒரு கணம் நின்றது. அப்புறம் இன்னும் மூன்று பல் தள்ளிக் கோட்டில் போய் முட்டியது.

பெல்டை அவள் கையிலேயே திருப்பி வைத்தான். பையின் வாரைச் சரிசெய்துகொண்டான். ஏதாவது ஒன்று, ஒரு திட்டாவது வரும் என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் படியிறங்கி, கொட்டகையைத் தாண்டி, தெருவில் திரும்பிப் போனான்.