திருப்பிப் போட்ட புல்

எனக்குக் கோபம் வரும். வந்தால் வாய்க்கு முன்னால் கை போய்விடும். அதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. எட்டு மாதத்துக்கு முன் சோற்றுத் தட்டைத் தூக்கி என் மனைவிமேல் எறிந்தேன். புருவத்தில் மூன்று தையல். "இன்னொரு தடவை உங்க கை என்மேல பட்டுச்சுன்னா, பொண்ணக் கூட்டிக்கிட்டுப் போயிட்டே இருப்பேன்" என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான். அதன்பின் அவள்மேல் ஒரு விரல்கூடப் படவில்லை. ஆள் திருந்திவிட்டேன் என்று எனக்கே என்னை நினைத்துப் பெருமை.

செயற்கைப் புல் பதிப்பது என் தொழில். அந்த வாரமே அவள் தம்பி என்னிடம் வேலை கேட்டு வந்து நின்றான், எங்கள் வீட்டிலேயே தங்கிக்கொண்டான். முப்பது வயது. பேச்சு என்பதே கிடையாது. தலையில் குட்டினால் 'ஸ்' என்பான், அவ்வளவுதான். சாமியார் என்று பெயர் வைத்தேன்.

இந்தத் தடவை பல் டாக்டர் வீட்டுக் கொல்லையில் வேலை. முன்பக்கம் அவருடைய கிளினிக், பின்பக்கம் வீடு. கோல்ஃப் பந்தை மெல்லத் தட்டிக் குழியில் விழவைத்துப் பழக ஒரு செயற்கைப் புல்தரை வேண்டுமாம். பார்க்கப் பட்டுப்போல இருக்கும். அடியில் இருக்கிற பாடு எங்களுக்குத்தான் தெரியும். அரை அடி ஆழம் தோண்டினோம். பழைய மரத்து வேர் குறுக்கே கிடந்தது. கோடரியால் போட்டேன் போட்டேன், வெட்டுப்படாமல் திமிறியது. அந்த எரிச்சலில் இருந்தபோது சாமியார் ஜல்லித் தூளை நனைக்காமல் கொட்டி, தரையை இறுக்கும் மிஷினை அதன்மேல் ஓட்டப் போனான். மண்வெட்டிக் காம்பால் முதுகில் ஒன்று வைத்தேன். வேலை செய்யும் இடத்தில் இதையெல்லாம் யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்?

மூன்றாம் நாள் புல் விரிக்க வேண்டும். இரண்டு துண்டு. இந்தத் தொழிலில் ஒரே ஒரு வேதம்தான்: எல்லாத் துண்டிலும் இழை ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். ஒரு துண்டு மாறினால் பந்து பாதி வழியில் வேகம் மாறி ஓடும், நிறமும் இரண்டாகத் தெரியும். பசை காய்ந்துவிட்டால் பிரிக்கவும் முடியாது. முதல் துண்டை நானே விரித்துவிட்டு, மேலே தூவ மணல் வாங்கப் போனேன்.

திரும்பி வந்தால், அட சண்டாளா! இரண்டாவது துண்டில் இழை எதிர்ப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. ஒரு பாதி கரும்பச்சை, ஒரு பாதி வெளிர்பச்சை. சாமியார் முட்டிபோட்டு ஓரத்தில் ஆணி அடித்துக்கொண்டிருந்தான்.

"எவன்டா இத இப்படிப் போடச் சொன்னது?"

"மாமா, டாக்டர்தான்..."

முடிக்க விடவில்லை. மணல் மூட்டையை அப்படியே போட்டுவிட்டு முகத்தில் குத்தினேன். மல்லாந்தான். எழுந்திருப்பதற்குள் விலாவில் உதைத்தேன். "எட்டு மாசமா சொல்லித் தர்றேன், மண்டையில களிமண்ணாடா இருக்கு?" ரப்பர் சுத்தி காலடியில் கிடந்தது. அதை எப்போது எடுத்தேன் என்று தெரியாது. தாடையில் இறங்கியதும் பச்சைக் கட்டை முறிவதுபோல் ஒரு சத்தம். அவன் வாயில் இருந்து ரத்தம் கொட்டிப் புல் இழையெல்லாம் ஒட்டிக்கொண்டது. மறுபடி ஓங்கினேன். அவன் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை.

"யோவ்! நிறுத்துய்யா!" பல் டாக்டர் படியில் தடுமாறி ஓடிவந்தார். "நான்தான்யா திருப்பிப் போடச் சொன்னேன்! மாடி ஜன்னல்லேர்ந்து பாத்தா ரெண்டு நிறமாத் தெரியணும்னு! அவன் வேணாம் வேணாம்னான், நான்தான் கட்டாயப்படுத்தினேன்!"

என் கையில் சுத்தி இருந்தது. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. அவளுக்குத் தெரிந்தால்?

டாக்டரே அவனைக் கிளினிக்குக்குள் தூக்கிப் போய் நாற்காலியில் சாய்த்தார். தாடை எலும்பு விரிசல் விட்டிருக்கிறது, மூன்று பல் போய்விட்டது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும் என்றார். என்னைக் கேட்காமல் அவன் போனிலேயே அக்காவையும் கூப்பிட்டுவிட்டார்.

அரை மணியில் வந்துவிட்டாள். அவளைப் பார்த்ததும் அவன் வாயில் பஞ்சோடு குழறினான். "மிஷின் கைப்பிடி... பட்டுருச்சுக்கா..."

அவள் என்னைத்தான் பார்த்தாள்.

"உன்மேல நான் கை வைக்கல" என்றேன். "எட்டு மாசமா வைக்கல. இது வேலை இடத்துல ஏதோ..."

"எப்படி வைப்பீங்க? வீட்டுக்கு வரும்போது மிச்சம் இருந்தாத்தானே?" என்றாள். "உங்க கோவமெல்லாம் பகல்ல தன்கிட்டயே தீர்ந்துடட்டும்னுதான் இவன் உங்ககிட்ட வேலைக்கு வந்தான். இவன் முதுகுல ராத்திரி எண்ணெய் தேச்சுவிட்டது நான்தான். தெரிஞ்சே அனுப்பினேன். பாவி, நானும் தெரிஞ்சேதான் அனுப்பினேன்."

சாமியாரைப் பார்த்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"எந்திரிடா. ஆஸ்பத்திரிக்குப் போவோம். அங்கேர்ந்து பாப்பாவக் கூட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்கு." அவள் அவன் தோளைப் பிடித்தாள். நான் வாசலை மறித்தேன்.

"எங்கடி போற?"

"நகருங்க."

என் கை தானாக ஓங்கியது. சத்தியமாக, தானாக. அடுத்த நொடி அந்த நாற்காலியில் இருந்து அவன் எழுந்து, வழிகிற ரத்தத்தோடு வந்து, அவளுக்கு முன்னால் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றான்.