பேசவும்

அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். மாமியார் மூத்தவளைப் பெரியவள் என்றும் இளையவளைச் சின்னவள் என்றும் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவர்களுடைய சொந்தப் பெயர்கள் சம்பளப் பட்டியலில் மட்டும் மிஞ்சின. இருவரும் ஒரே நகராட்சி அலுவலகத்தில், ஒரே பிரிவில் வேலை பார்த்தார்கள். பெரியவள் கண்காணிப்பாளர். சின்னவள் அவளுக்குக் கீழே உதவியாளர். ஊழியர்களின் விடுப்புக் கோப்புகளைப் பார்ப்பவள். வீட்டில் "அக்கா" என்பாள். அலுவலக வாசலில் கைப்பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றுவாள். அந்த நொடியிலிருந்து "மேடம்" என்பாள். சாயங்காலம் அதே இடத்தில் மேடம் மறுபடி அக்கா ஆகிவிடுவாள். இந்த ஏற்பாட்டில் இருவருக்குமே குறையில்லை.

குறை வந்தது மூன்றாவது இடத்திலிருந்து. வேலையில் இருப்பவர்களுக்காக மாலையில் நடக்கும் பொது நிர்வாக முதுகலை வகுப்பு அது. அங்கே கண்காணிப்பாளருக்கென்று தனி நாற்காலி கிடையாது. எல்லோருக்கும் ஒரே பெஞ்சு. எப்படிக் கூப்பிடுவது என்று சின்னவள் முதல் வாரம் தடுமாறிவிட்டு "அக்கா" என்று முடிவுசெய்தாள். அடுத்த வாரம் வகுப்பு முழுவதும் அக்கா என்றது. நரைத்த மீசை வைத்த தீயணைப்பு அதிகாரிகூட, "அக்கா, அந்தக் குறிப்பைக் கொஞ்சம் தர்றீங்களா?" என்றார். பெரியவள் தந்தாள். தந்துவிட்டு, அவருக்கு என்ன வயதிருக்கும் என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

உண்மையில் அந்தப் படிப்பு பெரியவளின் ஆசை. பிள்ளைகள் தலையெடுக்கட்டும் என்று வருடக்கணக்காக அதை ஒத்திப்போட்டு வைத்திருந்தாள். சேர்வதென்று முடிவான பிறகு, திரும்பி வரும் பேருந்தில் தனியாக உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தாள்.

"நீயும் வாயேன், துணைக்கு" என்றாள் சின்னவளிடம்.

"எனக்கெதுக்குக்கா இந்த வயசுல படிப்பு? சரி, நீங்க கூப்பிடறீங்கன்னு வரேன். மார்க் வரலன்னா திட்டக் கூடாது."

அப்படி வந்தவள்தான். முதல் கட்டுரையிலேயே தெரிந்துவிட்டது. பெரியவள் நான்கு புத்தகங்களைப் படித்து, மேற்கோள்களை எல்லாம் ஒழுங்காகக் கோத்து எழுதியிருந்தாள். பேராசிரியை கடைசிப் பக்கத்தில் "நன்று" என்று ஒரே சொல்லை எழுதித் திருப்பித் தந்தார். சின்னவளின் கட்டுரையோ சிவந்து கிடந்தது. ஓரமெல்லாம் கேள்விகள், அடிக்கோடுகள், "இது எப்படித் தெரியும்?", "இன்னும் எழுதுங்கள்", "இங்கே நான் உடன்படவில்லை". சின்னவள் பயந்துபோனாள். "இவ்ளோ தப்பாக்கா?" என்று காட்டினாள். பெரியவள் அதை வாங்கிப் பார்த்தாள். தப்பு இல்லை என்று பார்த்தவுடனேயே புரிந்தது. தன் கட்டுரையில் சண்டை போடக்கூட ஒன்றும் இருக்கவில்லை. "பரவாயில்ல, போகப் போகச் சரியாயிரும்" என்று சொல்லித் தாள்களைத் திருப்பித் தந்தாள். அன்றிலிருந்து அந்தச் சிவப்பு மையின் மேல் அவளுக்கு ஒரு கண்.

இறுதி ஆய்வுக்குப் பெரியவள் பதவி உயர்வு விதிகளை எடுத்துக்கொண்டாள். சின்னவள் மத்தியான இடைவேளைகளில் அலுவலக வாசலில் நின்று, வெளியே போகிறவர்களிடம், "உங்க வேலை முடிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். முடியவில்லை என்றால் எத்தனையாவது தடவை வருகிறார்கள், யார் என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். ஒருவர் அவளைப் பத்திரிகைக்காரி என்று நினைத்து அரை மணி நேரம் திட்டித் தீர்த்தாராம். அதையும் ஆய்வில் சேர்த்திருந்தாள்.

நிர்வாகப் பயிற்சி நிறுவனம் நடத்தும் ஆண்டுக் கூட்டத்தில் கல்லூரிக்கு ஓர் ஆய்வு வீதம் வாசிக்கப்படும். அதிகாரிகள் வருவார்கள். நல்ல ஆய்வாக இருந்தால் எழுதியவரைப் பயிற்சி நிறுவனமே பணிக்கு எடுத்துக்கொள்வதும் உண்டு. பேராசிரியை சின்னவளின் பெயரைச் சொன்னபோது வகுப்பு கை தட்டியது. பெரியவளும் தட்டினாள். மோதிரம் விரலில் அழுந்தி வலிக்கும் வரை தட்டினாள்.

"அலுவலக அனுமதிக் கடிதம் வெள்ளிக்கிழமைக்குள்ள வந்தாகணும்" என்றார் பேராசிரியை. "இல்லன்னா அடுத்த பேருக்குப் போயிருவாங்க. நீக்கின பேரை மறுபடி சேர்க்க மாட்டாங்க."

அந்த அடுத்த பெயர் யாருடையது என்று அவர் சொல்லவில்லை. பெரியவள் கேட்கவுமில்லை. தெரிந்துகொள்ளக் கேட்க வேண்டிய அவசியம் அவளுக்கு இருக்கவில்லை.

வீட்டில் மாமியார் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஆக, சின்னவ படிக்கப் போனா. பெரியவ புஸ்தகம் தூக்கப் போனா."

"அத்தை, சும்மா இருங்க. அக்கா இல்லன்னா நான் போயிருக்கவே மாட்டேன்" என்றாள் சின்னவள்.

பெரியவள் தட்டைக் கழுவப் போனாள். சின்னவள் தனக்காகப் பரிந்து பேசியதுதான் மாமியாரின் பேச்சைவிட அதிகமாகச் சுட்டது.

மறுநாள் காலை சின்னவளின் கோப்பு பெரியவளின் மேசைக்கு வந்தது. கூட்டத்துக்குப் போக அனுமதியும் விடுப்பும் கேட்டிருந்தாள். கண்காணிப்பாளர் பரிந்துரைத்தால் ஆணையர் கையெழுத்திடுவார். பெரியவள் கோப்பைப் படித்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். பிறகு ஓரத்தில் ஒரு சொல்லை எழுதிக் கீழே சுருக்கொப்பமிட்டாள்.

பேசவும்.

கோப்பை மறுக்கவும் மனமில்லை, அனுப்பவும் மனமில்லை என்றால் மேலதிகாரிகள் எழுதும் சொல் அது. கீழே இருப்பவர் நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும் என்று பொருள். நடப்பு வேறு. யாரும் போய்ப் பேசுவதில்லை. கோப்பை ஓரிரு நாள் ஆறப்போட்டுவிட்டு, அடியில் "பேசினேன், மீண்டும் வைக்கிறேன்" என்று எழுதித் திருப்பி வைப்பார்கள். அதிகாரியும் தன்னோடு யாரும் பேசவில்லை என்பதைக் காட்டிக்கொள்ளாமல் கையெழுத்துப் போடுவார். யார் முகமும் கோணாமல் காரியம் நடந்துவிடும்.

சின்னவளும் அப்படித்தான் செய்வாள், நமக்கென்ன என்று பெரியவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அதற்கும் அடியில் இன்னொரு ஆசை கிடந்தது. ஒரு தடவையாவது அவள் தன் முன்னால் வந்து நின்று கேட்க வேண்டும்.

சின்னவள் உடனே வந்து நின்றாள். "மேடம், பேசவும்னு போட்டிருக்கீங்க."

இவ்வளவு சுலபமாகக் கேட்பாள் என்று பெரியவள் எதிர்பார்க்கவில்லை. கேட்டதில் ஒரு கெஞ்சலும் இல்லை. "இப்ப வேலை இருக்கு. அப்புறம்" என்றாள்.

வீட்டில் காய்கறி நறுக்கும்போது, "அக்கா, அந்த ஃபைலு..." என்று சின்னவள் தொடங்கினாள்.

"ஆபீஸ் விஷயத்த ஆபீஸ்ல பேசிக்கலாம்."

அலுவலகத்தில் மறுபடி வந்தபோது, "வீட்டுக்குத்தானே வரப் போற, என்ன தலைபோற அவசரம்?" என்றாள். பேருந்தில், சின்னவள் வாயெடுப்பதற்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் சாய்ந்தாள்.

வியாழக்கிழமை, கோப்பு அலமாரிக்கு அந்தப் பக்கம் தட்டச்சுக்காரம்மாவின் குரல் கேட்டது. "பேசினேன்னு எழுதி வைம்மா. இந்த ஆபீஸ்ல யாரு யார்கிட்ட நெஜமா பேசியிருக்காங்க? நான் வந்ததுலேருந்து பாக்கறேன், எல்லாம் ஊமைங்கதான்."

"நான் சேர்ந்த அன்னிக்கே மேடம் சொல்லிக் குடுத்தாங்க" என்றாள் சின்னவள். "பேசாம பேசினதா எழுதாத, நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா அந்தப் பொய் உன் தலையிலதான் விடியும்னு. அதுலேருந்து எழுதறதில்ல."

அலமாரிக்கு இந்தப் பக்கம் பெரியவள் குண்டூசிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். அப்படிச் சொன்னது நினைவிருந்தது. சொன்னவள் அதைக் கடைப்பிடித்ததாக நினைவில்லை. இப்போது எழுந்து போய்க் கூப்பிட்டிருக்கலாம். தன் வாயிலிருந்து வந்த சொல்கூட அவளிடம் போய் அல்லவா பொருந்தி உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்ததும், பாதி எழுந்த உடம்பு நாற்காலியில் மறுபடி அமர்ந்துகொண்டது. குண்டூசிகள் தீரும் வரை அங்கேயே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆணையர் வழக்கம்போல வார்டுகளைப் பார்வையிடக் கிளம்பினார். போனால் அன்றைக்குத் திரும்ப மாட்டார். அவருடைய வண்டி வாசலைத் தாண்டும் சத்தம் கேட்ட பிறகு பெரியவள் கோப்பை எடுத்தாள். "பரிந்துரைக்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

"போட்டாச்சு, பாத்துக்கோ" என்றாள்.

சின்னவள் கோப்பை வாங்கிக்கொண்டு ஆணையரின் அறைப் பக்கம் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. "சரிங்க மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை வகுப்பில் பேராசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கடிதம் வரல. அடுத்த பேரைக் குடுக்க வேண்டியதாப் போச்சு. அக்காவோட ஆய்வு. புதன்கிழமைக்குள்ள அவங்க ஆபீஸ் அனுமதி வேணும். அதுவும் வரலன்னா சுகாதார ஆய்வாளர்." எதற்கும் "ஆமாம் சார்" என்றே பழகிப்போன சுகாதார ஆய்வாளர், பேராசிரியையிடமும் "ஆமாம் சார்" என்றார். வகுப்பு சிரித்தது, பிறகு கை தட்டியது. சின்னவளும் தட்டினாள்.

எவ்வளவோ நாளாக ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது. பேருந்தில் பெரியவள் அந்த மகிழ்ச்சிக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. பக்கத்தில் ஜன்னலோரம் சின்னவள் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் மாமியார், "பரவாயில்லயே, புஸ்தகம் தூக்கினதுக்குக் கூலி கெடச்சிருச்சு" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் பெரியவள் அலுவலகத்துக்கு வருவதற்குள் அவளுடைய விடுப்புக் கோப்பு மேசையில் இருந்தது. அவளுடைய கோப்பே ஆனாலும் அவள் கையைத் தாண்டித்தான் பிரிவைவிட்டு வெளியே போக வேண்டும். சின்னவள் எழுதியிருந்த குறிப்பைப் படித்தாள். எந்த விதியின்கீழ் அனுமதி, அந்த நாட்களில் பிரிவை யார் கவனிப்பார், இது அலுவலகத்துக்கு எப்படிப் பெருமை என்று எல்லாம் இருந்தது. எங்காவது ஒரு முள் இருக்குமா என்று வரிவரியாகத் தேடினாள். சுணக்கமாவது, ஒரு குத்தலாவது, கை நடுங்கிய ஓர் எழுத்தாவது. ஒன்றும் கிடைக்கவில்லை. திருத்த முடியாத குறிப்பு. தனக்கு இழைக்கப்பட்ட அநீதியைத் தெரிந்துகொண்டே ஒருத்தியால் இப்படி எழுத முடிகிறது. பழைய எரிச்சல் எழுந்தது. இம்முறை அதற்குப் பிடித்துக்கொள்ள ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

பேனாவை எடுத்தாள். தன் கோப்பின் ஓரத்தில் எழுதினாள். பேசவும்.

பிறகு கண்காணிப்பாளர்கள் செய்யாத ஒன்றைச் செய்தாள். கோப்பைத் தானே தூக்கிக்கொண்டு எழுந்து போனாள். தட்டச்சுக்காரம்மாவின் விரல்கள் நின்றன. சின்னவளின் மேசைக்கு முன்னால் மனு கொண்டுவருகிறவர்களுக்கென்று ஒரு ஸ்டூல் கிடந்தது. பெரியவள் அதை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ஸ்டூலின் ஒரு கால் குட்டை என்பது இத்தனை வருடத்தில் அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

சின்னவள் கோப்பைத் திறந்து பார்த்தாள். "பேசவும்னு போட்டிருக்கீங்க, மேடம்."

"ஆமா."

மின்விசிறி சுற்றியது. கண்ணாடிக் குண்டுக்கு அடியிலிருந்த தாள்கள் எழுந்து எழுந்து படுத்தன. சின்னவள் அவசரப்படுத்தவில்லை.

"உன் ஃபைல நான் வேணும்னேதான் வெச்சிருந்தேன்."

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"அன்னிக்கு பஸ்ல. நெஜமாத் தூங்கினா உங்க வாய் லேசாத் தொறந்திருக்கும். அன்னிக்கு இறுக்கி மூடியிருந்துது."

தட்டச்சுக்காரம்மா சிரிப்பை இருமலாக மாற்றினாள்.

"பேசினேன்னு எழுதி வெச்சிருக்கலாமே நீ."

"வெச்சிருந்தா கையெழுத்துப் போட்டிருப்பீங்களா?"

பெரியவள் யோசித்தாள். போட்டிருப்பேன் என்று சொல்ல நாக்குத் துடித்தது. "தெரியல" என்றாள்.

சின்னவள் தலையசைத்தாள். அந்தப் பதிலை மட்டும் ஏற்றுக்கொண்டவள்போல இருந்தது.

"நான் போகல. வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன்."

"குடுங்க. ஆமாம் சார் போவாரு. குப்பை வண்டியப் பத்தி ஒரு மணி நேரம் பேசிட்டு, கேள்வி கேட்டா எல்லாத்துக்கும் ஆமாம்னுட்டு வருவாரு." சின்னவளின் குரல் அப்போதுதான் முதன்முதலாகச் சற்று உடைந்தது. "எனக்குப் போனது போனதுதான். நீங்க விட்டுக் குடுத்து நல்லவங்களாக வேண்டாம். போயிட்டு வாங்க."

"கோவமில்லையா உனக்கு?"

"இல்லாம? நெறையவே இருக்கு. கொஞ்ச நாளைக்கு பஸ்ல வேற சீட்லதான் உக்காரப் போறேன். அதுக்கும் ஃபைல் போடணுமா, அக்கா?"

அலுவலகத்துக்குள் அவள் அக்கா என்றது அதுவே முதல் தடவை. தவறி வந்துவிட்டதா, வேண்டுமென்றே சொன்னாளா என்று அவள் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. சின்னவள் கோப்பைத் தன் பக்கம் இழுத்து, அடியில் "பேசினேன், மீண்டும் வைக்கிறேன்" என்று எழுதினாள். பொய்யில்லை. பேனாவை மூடாமல் அப்படியே பெரியவளிடம் நீட்டினாள். பெரியவள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கையெழுத்திட்டாள்.

அன்று மாலை பேருந்தில் சின்னவள் சொன்னபடியே இரண்டு வரிசை முன்னால் போய் உட்கார்ந்தாள். பெரியவளின் பக்கத்து இருக்கையில் கைப்பை இருந்தது. நகரத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. கொஞ்ச தூரம் போனதும் சின்னவளின் தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்தது. பேருந்து திரும்பும்போது அவள் முகம் ஒரு நொடி தெரிந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

ஆணையர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் பைக்குள் இருந்தது. பெரியவள் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. கூட்டமும் பாராட்டும் சிவப்பு மையும் எல்லாம் எங்கோ தள்ளிப் போயிருந்தன. இரண்டு வரிசைக்கு முன்னால் அசைந்து அசைந்து போகும் அந்தத் தூக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் பக்கத்து நிறுத்தம் வரும் வரை அவளால் கண்ணை மூட முடியவில்லை.